மொழி வேண்டாத பரிவு

1911-ஆம் ஆண்டு, மார்ச் மாதத்தின் இறுதி நாட்கள். பெங்களூரு பசவனகுடியில், நந்தி கோயிலுக்குச் செல்லும் புல் டெம்பிள் சாலையில் அமைந்த ஸ்ரீராமகிருஷ்ண ஆசிரமம் மக்களால் நிரம்பியிருந்தது. அன்னை ஸ்ரீசாரதாதேவி குகைக் கோயிலில் தரிசனம் முடித்து வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். வண்டி வாயிலை அடைந்ததும் காத்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றனர். அடுத்த கணம் ஒருசேரத் தரையில் வீழ்ந்து வணங்கினர். அன்னை வண்டியிலிருந்து இறங்கி, ஆசி கூறும் பாவனையில் வலக்கையை உயர்த்தியபடி சில நிமிடங்கள் அசையாமல் நின்றார். பின்னர் உள்ளே சென்று அமர்ந்தார். மக்களும் அவர் முன் அமர்ந்தனர்.

எவரும் பேசவில்லை. கூடியிருந்தோரின் மொழி அன்னைக்குத் தெரியாது. அன்னையின் வங்காள மொழி அவர்களுக்குத் தெரியாது. மௌனத்திலேயே நேரம் கழிந்தது. அன்னையின் உள்ளத்திலோ ஒரு சிறு வருத்தம். இவர்கள் இவ்வளவு ஆவலோடு வந்து அமர்ந்திருக்கிறார்கள். இவர்களுடைய மொழியில் இரண்டு வார்த்தைகள் சொல்ல முடிந்தால் இவர்களுக்கு எத்தனை ஆறுதலாக இருக்கும் என்று உடனிருந்த துறவியிடம் மெல்லக் கூறினார். துறவி அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது மக்கள் உடனே மறுத்தனர். தங்கள் நெஞ்சம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது என்றும், இந்த நேரத்தில் பேச்சுக்குத் தேவையே இல்லை என்றும் அவர்கள் தெரிவித்தனர்.

அந்த மாலைப்பொழுதில் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தம்மை வணங்க வந்த கூட்டத்தின் நடுவே அமர்ந்திருந்தபோது அன்னை தமக்குக் கிடைத்த பெருமையைப் பற்றி நினைக்கவில்லை. எதிரே இருப்பவர்களுக்கு என்ன தேவை, அவர்கள் வெறுங்கையோடு திரும்பிவிடக் கூடாதே என்றுதான் நினைத்தார். அந்த நினைவையே மக்கள் மொழியின்றி உணர்ந்துகொண்டனர். இந்த ஆற்றல் ஒரே நாளில் வந்ததன்று. 57 ஆண்டுகள் சமையலறையிலும் முற்றத்திலும், உறவினரின் சண்டைகளுக்கும் விருந்தினரின் பசிக்கும் நடுவே விளைந்தது அது.

பஞ்சத்தில் விசிறிய கைகள்

சாரதாதேவி 1853-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்திலுள்ள ஜெயராம்பாடி என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ராமசந்திர முகோபாத்யாயர், தாய் சியாமசுந்தரி. எளிய குடும்பம். தம்பிகளைப் பார்த்துக்கொள்வதும், கால்நடைகளுக்காகக் கழுத்தளவு நீரில் இறங்கிப் புல் அறுப்பதும், வயலில் வேலை செய்வோருக்கு உணவு எடுத்துச் செல்வதும் சிறுமியின் அன்றாட வேலைகள்.

1864-ஆம் ஆண்டு அப்பகுதியைப் பஞ்சம் தாக்கியது. ராமசந்திரர் முந்தைய ஆண்டு சேமித்து வைத்திருந்த நெல்லைத் தம் குடும்பத்திற்கென்று பூட்டி வைக்கவில்லை. பெரிய பாத்திரங்களில் கிச்சடி சமைத்துப் பசித்து வந்தவர்களுக்கெல்லாம் வழங்கினார். கொதிக்கக் கொதிக்க இலையில் விழும் உணவை உண்ண முடியாமலும், பசி பொறுக்க முடியாமலும் மக்கள் தவித்தனர். சிறுமி சாரதா இரண்டு கைகளாலும் விசிறியைப் பற்றிக்கொண்டு உணவு ஆறும்வரை விசிறிக்கொண்டே இருந்தாள்.

உணவு அளிப்பது தந்தையின் அறம். அந்த உணவு சூடாக இருக்கிறது, பசித்தவனால் காத்திருக்க முடியவில்லை என்பதைக் கண்டுகொண்டது மகளின் கண். பின்னாளில் அன்னையின் வாழ்க்கையில் ஆயிரம் வடிவங்களில் வெளிப்பட்டது இந்தக் கண்தான். கொடுப்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பெறுபவர் அந்தக் கணத்தில் எந்த நிலையில் இருக்கிறார் என்பதையும் பார்த்தார்.

ஐம்பது சதுர அடியில் ஓர் உலகம்

ஐந்து வயதில் அவருக்கு ஸ்ரீராமகிருஷ்ணருடன் திருமணம் நடந்தது. 1872-இல் அவர் தட்சிணேசுவரத்திற்கு வந்தார். அங்கே அவருக்கு வாய்த்த இடம் நகபத் எனப்படும் நாதசுர மண்டபத்தின் கீழ்த்தள அறை. ஏறத்தாழ 50 சதுர அடிதான் இருக்கும். வாயிலோ மிகத் தாழ்ந்தது. அரிசி, பருப்பு, பாத்திரங்கள் எல்லாம் அந்த அறையிலேயே இருந்தன. வந்து தங்கும் பெண் பக்தர்களும் அங்கேயே படுத்தனர். குருதேவரின் வயிறு எளிதில் கெடும் தன்மை உடையது; அவருக்கு ஒரு வகைச் சமையல். வயது முதிர்ந்த மாமியார் சந்திரமணி தேவிக்கு ஒரு வகை. இளம் சீடர்களுக்கு வேறொரு வகை. யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை எவரும் சொல்லாமலேயே அவர் அறிந்து வைத்திருந்தார்.

ஒருநாள் குருதேவருக்கு உணவுத் தட்டை எடுத்துச் சென்றுகொண்டிருந்தபோது ஒரு பெண் குறுக்கே வந்து, அதைத் தான் கொண்டுசெல்ல வேண்டும் என்று கேட்டாள். அவளுடைய நடத்தை பற்றி ஊரில் நல்ல பேச்சு இல்லை. அன்னை தட்டை அவளிடம் கொடுத்துவிட்டார். குருதேவரால் அந்த உணவைத் தொட முடியவில்லை. இனி வேறு எவர் கையிலும் தம் உணவைக் கொடுப்பதில்லை என்று உறுதி தருமாறு அவர் கேட்டார். கணவரின் சொல்லைத் தட்டியறியாத அன்னை அன்று கைகூப்பி நின்று, அந்த உறுதியைத் தம்மால் தர இயலாது என்றார். தம்மை அம்மா என்றழைத்துக் கேட்பவரிடம் மறுக்க முடியாது. உணவைக் கூடுமானவரை தாமே கொண்டுவர முயல்வதாக மட்டும் சொன்னார். குருதேவர் ஒருவருக்கு மட்டும் உரியவர் அல்லர், அனைவருக்கும் உரியவர் என்பதையும் நினைவூட்டினார். குருதேவர் மனம் மகிழ்ந்து உண்ணத் தொடங்கினார்.

அந்தப் பெண் கேட்டது ஒரு தட்டைச் சுமக்கும் உரிமையை மட்டும் அன்று. தான் விலக்கப்படவில்லை என்ற உறுதியையும் அவள் வேண்டி நின்றாள். அன்னை அதைப் புரிந்துகொண்டார்.

அச்சத்தின் நடுவில் ஓர் உறவு

ஜெயராம்பாடியிலிருந்து தட்சிணேசுவரத்திற்குக் கால்நடையாகச் செல்லும் வழியில் தேலோ-பேலோ என்ற வெட்டவெளி இருந்தது. கொள்ளையர்களுக்குப் பெயர்போன இடம் அது. ஒருமுறை அன்னையால் உடன்வந்தோரின் வேகத்திற்கு நடக்க முடியவில்லை. தம் பொருட்டு அவர்கள் ஆபத்தில் சிக்கக் கூடாது என்று அவர்களை முன்னே போகச் சொன்னார். இருள் சூழ்ந்தது. கையில் தடியோடு முரட்டு மனிதன் ஒருவன் எதிரே வந்து அதட்டினான். அன்னை ஓடவில்லை. அவனை அப்பா என்று அழைத்து, வழிதவறிவிட்ட அவனுடைய மகள் தாம் என்றார். பின்னால் வந்த அவன் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு, அவர்கள் வந்ததால் தமக்குத் துணை கிடைத்தது என்றார்.

அந்த ஒரு சொல் அவனை மாற்றிவிட்டது. அருகிலிருந்த ஊரில் ஒரு கடையில் அவரைத் தங்கவைத்தனர். பொரி வாங்கிக் கொடுத்தனர். மனைவி தன் துணியை விரித்துப் படுக்கை அமைத்தாள்; கணவன் இரவு முழுவதும் தடியோடு வாயிலில் காவல் இருந்தான். மறுநாள் தாரகேசுவரம் வரை உடன் நடந்தனர். வழியில் அந்தத் தாய் வயலிலிருந்து பட்டாணிக் காய்களைப் பறித்துத் தந்தாள். பிரியும்போது மூவரும் அழுதனர். பின்னாளில் அந்தத் தம்பதியர் மகள் வீட்டிற்குச் செல்வதுபோல் தட்சிணேசுவரத்திற்கே வந்து சென்றதுண்டு.

ஒரு மனிதனுள் கொள்ளைக்காரனும் இருக்கிறான், தந்தையும் இருக்கிறான். எந்தப் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறானோ அந்த மனிதனே பெரும்பாலும் வெளியே வருகிறான்.

உப்பில்லாத சோறு

1886-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் குருதேவர் மகாசமாதி அடைந்தார். தீர்த்த யாத்திரைக்குப் பின் அன்னை காமார்புகூரில் தனித்து வாழ்ந்தார். தாமே மண்ணைக் கொத்திக் கீரை பயிரிட்டார். சோறும் கீரையும் மட்டுமே உணவு. சில நாட்களில் உப்புக்கும் வழியில்லை. எவரிடமும் அவர் சொல்லவில்லை. செய்தி தாமதமாகத்தான் சீடர்களை எட்டியது.

துன்பம் சிலரைக் கடினமாக்கிவிடுகிறது. தாம் பட்டதைப் பிறரும் படட்டுமே என்ற எண்ணம் அவர்களிடம் தோன்றிவிடுகிறது. அன்னையிடம் நிகழ்ந்தது வேறு. தம்மை எவரும் கவனிக்காத அந்த நாட்களுக்குப் பிறகு, தம் வாயிலுக்கு வந்த எவரும் கவனிக்கப்படாமல் போகக் கூடாது என்பதில் அவர் மேலும் விழிப்பானார். ஜெயராம்பாடிக்கு நகரத்திலிருந்து வரும் சீடர்களுக்குக் காலையில் தேநீர் குடிக்கும் பழக்கம் உண்டு. கிராமத்தில் அதிகாலையில் பால் எளிதில் கிடைக்காது. வாதநோயால் வலிக்கும் கால்களோடு, கையில் ஒரு பாத்திரத்தை ஏந்தி, அன்னை வீடு வீடாகச் சென்று பால் கேட்டு வாங்கி வருவார்.

வீட்டுக்குள் நடந்த தவம்

அயலாரிடம் பரிவு காட்டுவது ஒப்புநோக்க எளிது. அவர் சிறிது நேரத்தில் போய்விடுவார். ஒரே கூரையின் கீழ், ஒவ்வொரு நாளும் புண்படுத்துபவரிடம் பரிவு குறையாமல் இருப்பதுதான் கடினம். அந்தக் கடினமான பாடம் அன்னைக்கு அவருடைய பிறந்த வீட்டிலேயே காத்திருந்தது.

1899-இல் இளைய தம்பி அபயசரண் இறந்தார். கருவுற்றிருந்த அவர் மனைவி சுரபாலா அடுத்தடுத்த இழப்புகளால் மனநிலை குலைந்தார். 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ராது என்ற பெண் குழந்தை பிறந்தது. பெற்ற தாயால் வளர்க்க முடியாத அந்தக் குழந்தையை அன்னை எடுத்து வளர்த்தார். அதுவே புதிய துன்பத்திற்கும் காரணமாயிற்று. தன் மகளைத் தன்னிடமிருந்து பறித்துக்கொண்டதாகச் சுரபாலா நாள்தோறும் ஏசினார். நகைகளை அபகரிப்பதாகவும் பழி கூறினார். தம்பியரிடையே பணத்திற்கும் நிலத்திற்கும் ஓயாத சச்சரவு. அண்ணன் மகள் போன்று உரிமையோடு வீட்டில் வாழ்ந்த மற்றொரு தம்பி மகள் நளினிக்கோ தீட்டு பற்றிய அச்சம் எந்நேரமும்.

ஒருநாள் சுரபாலா எரியும் கோபத்தோடு விறகுக் கட்டையை ஓங்கிக்கொண்டு அன்னையை அடிக்க ஓடிவந்தார். அருகிலிருந்தவர் தடுத்துவிட்டார். அந்தப் பதற்றத்தில் அன்னையின் வாயிலிருந்து, அந்தக் கை விழுந்துபோகும் என்ற பொருளில் ஒரு சொல் வந்துவிட்டது. வந்த கணமே அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கைகளைக் கூப்பி, தம் வாயிலிருந்து இதுவரை எவர்மீதும் சாபம் எழுந்ததில்லையே, இன்று இப்படி ஆகிவிட்டதே என்று குருதேவரிடம் கலங்கினார்.

அடிக்க வந்தவரைக் குறித்து அவர் முறையிடவில்லை. தம் சொல்லைக் குறித்தே வருந்தினார். சுரபாலாவின் கையை ஓங்க வைத்தது நோய் என்பது அவருக்குத் தெரியும். அந்த நிலையிலிருப்பவரிடம் தாமும் நிதானம் இழக்கலாகாது என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட நெறி. பரிவு என்பது ஒருபோதும் தவறாத இயல்பன்று. தவறிய கணத்தில் உடனே தன்னைத் திருத்திக்கொள்ளும் பயிற்சி அது என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது. சுரபாலாவை அவர் வீட்டைவிட்டு அனுப்பவில்லை. கவனித்துக்கொள்வதை நிறுத்தவும் இல்லை.

பிறர் விழிக்கும் முன்

சுமை தூக்கிப் பிழைக்கும் வயதான பெண்ணொருத்தி ஒருமுறை ஜெயராம்பாடிக்குப் பொருட்களைக் கொண்டுவந்தாள். இரவில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. தாழ்வாரத்தில் படுத்தவள், எழ முடியாத நிலையில் படுத்த இடத்தையே அசுத்தம் செய்துவிட்டாள். அதிகாலையில் எழுந்த அன்னை அதைக் கண்டார். வீட்டார் விழித்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஏழைப் பெண் எல்லார் முன்னிலையிலும் ஏச்சு வாங்குவாள். எனவே அவளை மெல்ல எழுப்பி, அன்பாகப் பேசி, வழியில் உண்ணப் பொரி கொடுத்து அனுப்பிவைத்தார். பின்னர் அந்த இடத்தைத் தாமே கழுவிச் சுத்தம் செய்தார்.

இந்த உதவியில் இரண்டு பகுதிகள் உள்ளன. அசுத்தத்தைக் கழுவியது ஒன்று. அவளுடைய மானம் காக்கப்பட வேண்டும் என்று விடியலுக்கு முன்பே அவளை அனுப்பிவைத்தது மற்றொன்று. முதலாவதைச் செய்யக் கைகள் போதும். இரண்டாவதைச் செய்ய அவளுடைய நெஞ்சுக்குள் நுழைந்து பார்த்திருக்க வேண்டும்.

ஜெயராம்பாடிக்கு அருகிலுள்ள சிரோமணிபூரில் வாழ்ந்த முஸ்லிம்கள் பட்டுப்புழு வளர்த்துப் பிழைத்தவர்கள். வெளிநாட்டுப் பட்டின் வரவால் தொழில் அழிந்தது. சிலர் திருட்டிலும் கொள்ளையிலும் இறங்கினர். ஊர் அவர்களுக்கு அஞ்சியது. அன்னையின் புதிய வீடு கட்டப்பட்டபோது அவர்களுக்கு அங்கே வேலை தரப்பட்டது. அவர்களில் அம்ஜத் என்பவர் ஒருநாள் அன்னையின் வீட்டில் உண்ண அமர்ந்தார். பரிமாறிய நளினி தீட்டுக்கு அஞ்சித் தொலைவிலிருந்தே உணவை இலையில் எறிந்தார். அப்படிப் பரிமாறினால் ஒரு மனிதனுக்கு உண்ண மனம் வருமா என்று கேட்டு, அன்னை தாமே முன்வந்து பரிமாறினார். உண்டு முடிந்ததும் அந்த எச்சில் இடத்தையும் தம் கைகளாலேயே தூய்மை செய்தார். சாதி போய்விடும் என்று நளினி பதறியபோது, சரத் எவ்வாறு தம் மகனோ அவ்வாறே அம்ஜத்தும் தம் மகன் என்று கூறினார். சரத் என்று அவர் குறித்தது, ராமகிருஷ்ண மிஷனின் செயலாளராக விளங்கிய சுவாமி சாரதானந்தரை.

அந்நாளைய கிராமத்தில் அந்தண விதவை ஒருவருக்கு இது சிறிய செயலன்று. ஊர்விலக்குக்கும் உறவினரின் நிந்தைக்கும் இடம் தரும் செயல். பிறிதொரு சமயம் அம்ஜத் நெடுநாள் கழித்து வந்தபோது, மாடு திருடியதற்காகப் பிடிபட்டதால் வர முடியவில்லை என்று மறைக்காமல் சொன்னார். அன்னை திருட்டைப் பற்றிப் பேசவில்லை. அவர் ஏன் வரவில்லை என்று தாம் எண்ணிக்கொண்டிருந்ததை மட்டும் கூறினார். திருட்டைச் சுட்டிக்காட்ட ஊரில் பலர் இருந்தனர். அவர் வராததைக் கவனித்தவர் ஒருவரே.

தெற்கு நோக்கி

மொழி அறியாதவர்களோடு அன்னை நெருங்கியது பெங்களூரில் முதன்முறையாக நிகழ்ந்ததன்று. 1898-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் கல்கத்தாவில் சாரா புல், ஜோசபின் மெக்லவுட், பின்னாளில் சகோதரி நிவேதிதை எனப்பட்ட மார்கரெட் நோபிள் ஆகிய மூவரும் அவரைக் காண வந்தனர். கடல்கடந்து வந்த அந்நியப் பெண்களோடு அமர்ந்து உண்பதை அன்றைய ஆசாரம் ஏற்கவில்லை. அன்னை அவர்களை மகள்களாக வரவேற்று உடன் அமர்ந்து உண்டார். சுவாமி விவேகானந்தர் இந்தச் செய்தியை மகிழ்ச்சி பொங்கச் சென்னையிலிருந்த சுவாமி ராமகிருஷ்ணானந்தருக்கு எழுதினார்.

அந்த ராமகிருஷ்ணானந்தரின் நெடுநாள் வேண்டுதலே 1911-இல் அன்னையைத் தென்னாட்டிற்கு அழைத்து வந்தது. சென்னையில் மயிலாப்பூரில் தங்கியபின் மதுரை, ராமேசுவரம் தலங்களை அன்னை தரிசித்தார். ராமநாதபுரம் மன்னர் தம் பொக்கிஷ அறையைத் திறந்து காட்டி, அன்னை விரும்பும் எதையும் காணிக்கையாக அளிக்குமாறு பணித்திருந்தார். தமக்கு எதுவும் தேவையில்லை என்றார் அன்னை. ஆனால் மறுப்பால் அவர்கள் மனம் நோகுமே என்று எண்ணி, ராதுவுக்கு ஏதேனும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். சொன்ன பிறகு, குழந்தை விலையுயர்ந்த எதையும் கேட்டுவிடலாகாதே என்று நெஞ்சம் படபடக்கக் குருதேவரை வேண்டினார். வைரமும் பொன்னும் பார்த்த ராது தனக்கு அவை வேண்டாம் என்றாள். எழுதுகோல் தொலைந்துவிட்டது, ஒரு பென்சில் வாங்கித் தந்தால் போதும் என்றாள். அன்னை நிம்மதியோடு கடையில் ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்தார்.

பின்னர் பெங்களூரு. ஆசிரமத்தின் பின்புறம் பாறைகள் நிறைந்த ஒரு மேடு இருந்தது. ஒரு மாலையில் அன்னை அதன்மேல் அமர்ந்து கதிரவன் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி கேட்ட ராமகிருஷ்ணானந்தர் அன்னை மலைவாசினி ஆகிவிட்டார் என்று வியந்து அங்கே விரைந்தார். பருத்த உடல், மேட்டில் ஏறியதில் மூச்சு வாங்கியது. அன்னையின் திருவடிகளில் விழுந்து தேவி துதியைச் சொல்லி அருள் வேண்டினார். அன்னை அவர் தலையை மெல்லத் தட்டிக்கொடுத்தார். குழந்தையை ஆறுதல்படுத்தும் தாயைப் போல. தென்னாட்டில் பதினான்கு ஆண்டுகள் ஓயாது உழைத்துக் களைத்த அந்தத் துறவி அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் உடல் நீத்தார். அந்த உழைப்பாளிக்கு அன்று தேவைப்பட்டது பாராட்டுரை அன்று, தலைமேல் ஒரு தாயின் கை.

கடைசி அறிவுரை

1920-ஆம் ஆண்டு கல்கத்தா பாக்பஜாரில் உள்ள உத்போதன் இல்லத்தில் அன்னை காலா அசார் என்ற காய்ச்சலால் படுத்த படுக்கையாக இருந்தார். மறைவுக்கு ஐந்து நாட்களுக்கு முன் பக்தை ஒருவர் அறை வாயிலில் நின்று அழுதார். அன்னை அவரை அருகே அழைத்தார். மெலிந்த குரலில் அவர் கூறியது ஒரு குடும்பப் பெண்ணுக்கு உரிய எளிய அறிவுரையே: மன அமைதி வேண்டுமானால் பிறர் குற்றங்களைப் பார்க்க வேண்டியதில்லை, தன் குற்றங்களைப் பார்த்தால் போதும், இவ்வுலகில் அந்நியர் எவரும் இல்லை, எல்லோரையும் தனதாக்கிக்கொள்ளக் கற்க வேண்டும். ஜூலை 20-ஆம் நாள் இரவு அன்னை மகாசமாதி அடைந்தார்.

கற்க வேண்டும் என்றே அன்னை கூறினார். பரிவு பிறவியிலேயே வாய்க்கும் வரம் மட்டுமன்று, பழகப் பழக வருவது என்பதே அதன் பொருள். அதற்குப் பெரிய வாய்ப்புகள் தேவையில்லை. கொதிக்கும் சோற்றை விசிறுவதும், கடுஞ்சொல் பேசும் உறவினரின் நோயை நினைப்பதும், வராத ஒருவரை ஏன் வரவில்லை என்று விசாரிப்பதும், ஒருவரின் குறை வெளியே தெரியும் முன் அதை மூடிவிடுவதும் எந்த வீட்டிலும் இன்றே செய்யக் கூடியவை.

அன்னை அமர்ந்த அந்தப் பாறை பெங்களூரு ஆசிரமத்தில் போற்றிப் பேணப்படுகிறது. அந்நாளில் அமைதியாக இருந்த பசவனகுடி இன்று பல மொழிகள் ஒலிக்கும் பெருநகரின் நடுவில் இருக்கிறது. பேசப் பல மொழிகள் இருந்தும் ஒரே வீட்டில் இருவர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாத காலம் இது. அங்கே செல்வோர் சற்று நேரம் மௌனமாக அமரலாம். அமர்ந்து, வீட்டில் விட்டுவந்த ஒருவரின் மனம் இப்போது எந்த நிலையில் இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அன்னைக்குச் செய்யும் வழிபாட்டில் அதுவும் ஒன்றே.